மகரக்கட்டு உடைந்த பையனுக்கு ஜப்பானில் என்ன பாட்டு?

டோக்கியோவில் எங்கள் நிஷி காசாய் தமிழ் அம்மாக்களின் வாட்ஸப் குழுவில் வழக்கமாக வரும் கேள்விகள் மூன்று வகை. கறிவேப்பிலை எந்தக் கடைக்கு வந்திருக்கிறது, எந்தப் பல் டாக்டருக்கு ஆங்கிலம் தெரியும், வார்டு ஆபீஸிலிருந்து வந்த காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது. போன வாரம் புதிதாக ஒன்று வந்தது. "பையன் எட்டாவது. நாங்க இங்க வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. பரீட்சை முடிஞ்சதும் கிளாஸ் பசங்க கரோக்கே போறாங்களாம், இவனையும் கூப்பிட்டிருக்காங்க. சுலபமா பாடற மாதிரி நாலு ஜப்பானியப் பாட்டு சொல்லுங்களேன்."

குரல் செய்தியில் பதில் சொல்ல ஆரம்பித்தேன். அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போனது. குழுவில் ஒருத்தி, "அக்கா, இதை எழுதியே போட்டுடுங்க, கேட்டு முடிக்கறதுக்குள்ள என் ஸ்டேஷன் தாண்டிப் போயிடுச்சு" என்றாள். அதனால் இந்தப் பதிவு. என் தகுதி என்னவென்றால், கும்பகோணத்தில் வர்ணம் வரை பாட்டுக் கற்றுக்கொண்டவள். இங்கே ஜூனியர் ஹைஸ்கூல் கடைசி வருஷம் படிக்கும் பையனைப் பெற்றவள். இதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

கேட்ட அம்மாவுக்கு மொழியைப் பற்றித்தான் கவலை. பையன் கஞ்ஜி என்ற சீன எழுத்துகளைப் படிக்கத் தடுமாறுவானே என்று. மொழி இரண்டாம் பட்சம். கரோக்கேத் திரையில் கஞ்ஜிக்குத் தலைக்கு மேல் பொடி எழுத்தில் ஹிரகானா என்ற ஒலியெழுத்து ஓடும், பாட வேண்டிய இடத்தில் எழுத்தின் நிறம் மாறிக்கொண்டே வரும். ஹிரகானா கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான். இந்த வயதுப் பையனைக் கவிழ்ப்பது ஸ்தாயி, அதாவது குரல் எட்ட வேண்டிய உயரம்.

மகரக்கட்டு உடைகிற வயது அல்லவா. குரல்வளை பெரிதாகி, குரல் நாண்கள் நீண்டு தடித்து, சில மாதங்களில் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடுகிறது. எங்கள் வீட்டில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் "ரசம்" என்று பின்னாலிருந்து கேட்டது. வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார் போல என்று திரும்பினால் பையன் நிற்கிறான். அடுத்த வாக்கியம் கீச்சென்று பழைய குரலில். பாய்ஸ் கம்பெனி நாடகக் காலத்தில் பாட்டு வேஷம் கட்டிய எத்தனையோ பையன்களின் பிழைப்பில் மண் விழுந்தது இந்த வயதில்தான். ஆறு மாதம் முன்னால் வரை எட்டிய மேல் ஸ்வரம் இப்போது எட்டாது. புதிதாகக் கிடைத்த கீழ் ஸ்வரங்களில் நிற்கத் தெரியாது. பாடுவதற்குக் கையில் இருப்பது நடுவில் கொஞ்சூண்டு இடம்.

அந்தக் கொஞ்சூண்டு இடத்தை வைத்துக்கொண்டு இவர்கள் பாட ஆசைப்படுவது எதை? மிஸஸ் கிரீன் ஆப்பிள். 2023, 2024 இரண்டு வருஷமும் ஜப்பான் ரெக்கார்ட் விருதை அடுத்தடுத்து வாங்கிய குழு. அதன் பாடகர் ஓமோரி மோதோகி ஏறும் உயரத்துக்குப் பெண்களே யோசித்துத்தான் ஏறுவார்கள். ஒஃபிஷியல் ஹிகே டான்டிஸமின் 2019ஆம் வருஷத்து 'பிரிடெண்டர்' இன்னொரு பொறி. ஆரம்பம் பதவிசாக, பேசுகிற மாதிரி இருக்கும். நம்பிக் கூடவே போனால் சரணத்தில் (பாட்டு உச்சத்துக்கு ஏறும் பகுதியை அப்படிச் சொல்கிறேன்) கொண்டுபோய் மொட்டை மாடியில் நிறுத்தி ஏணியை எடுத்துவிடுவார்கள். யூரியின் 'டிரை ஃப்ளவர்', வௌண்டியின் 'காய்ஜூ நோ ஹானாஉதா' எல்லாம் இதே ரகம். இப்போதைய ஜப்பானிய ஹிட்டுகளில் ஆண் குரல் என்பதே பாதி நேரம் பெண் குரலின் இடத்தில்தான் உலாவுகிறது. எந்தக் கரோக்கேக் கடையின் நடையில் நின்றாலும் மூடிய கதவுகளுக்குப் பின்னால் பையன்கள் இந்தப் பாட்டுகளின் உச்சியில் தொங்கிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்கும்.

பாட்டுக் கற்றுக்கொண்டவர்களுக்கு நம் கணக்கிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆணுக்கு மேல் ஷட்ஜம் சௌகரியம். தேர்ந்த வித்வான் மேல் பஞ்சமம் வரை போவார். அங்கே கார்வை கொடுத்து நின்றால் சபாவில் கைதட்டல் விழும். இங்கே பையன்கள் 'மிட் டூ ஜி' என்று சொல்வது அதே மேல் பஞ்சமத்தை. 'ஹை ஏ' என்பது அதற்கு மேலே தைவதம். 'ஹை சி' என்றால் அதிதார ஷட்ஜம். நம் வித்வான்கள் கும்பிட்டு விலகிக்கொள்ளும் இடம் அது. இணையத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் இந்தக் குறியீட்டில் கீழ் எல்லை, மேல் எல்லை போட்டு வைத்திருக்கிறார்கள். பாட்டின் பெயரோடு 'ஓன்கி' (ஸ்வர எல்லை) என்று சேர்த்துத் தேடினால் கிடைக்கும். என் விதி: மேல் எல்லை மிட் டூ இ, எஃப் என்றிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பாடலாம். ஜி என்றால் வீட்டில் ஒரு தடவை பாடிப் பார்க்க வேண்டும். ஹை என்று ஆரம்பித்தால் ஒன்று கீயை, அதாவது சுருதியை இறக்கு, இல்லை பாட்டை மாற்று.

கீயை இறக்குவது சுலபம். மேஜையில் கிடக்கும் டச் ஸ்கிரீன் பலகையில் பிளஸ், மைனஸ் பொத்தான் இருக்கும். டாம் என்ற பிராண்டு மெஷின் என்றால் அந்தப் பலகையின் பெயர் டென்மோக்கு. ஒரு அழுத்துக்கு அரைக் கட்டை. மைனஸ் இரண்டு என்றால் ஒரு கட்டை இறக்கம், அவ்வளவுதான். ஆனால் பையன்கள் அதைத் தொட மாட்டார்கள். அசல் கீயில் பாடுவதுதான் ஆண்மை என்று இவர்களுக்குள் ஒரு நினைப்பு. திரையில் மைனஸ் என்று தெரிந்துவிடுமாம், மானம் போய்விடுமாம்.

மானம் பார்க்கும் பையனிடம் கோபேக் கதையைச் சொல்லுங்கள். 1971இல் கோபேயில் இனோவே டாய்சுகே என்ற வாத்தியக்காரர் மது விடுதிகளில் வாடிக்கையாளர் பாடுவதற்குப் பின்னணி வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு சின்னக் கம்பெனி முதலாளி. பாட ஆசை உண்டு, தாளம் அவர் இஷ்டத்துக்குப் போகும். வெந்நீர் ஊற்று ஊருக்குச் சுற்றுலா போகும்போது கூட வந்து வாசிக்க வேண்டும் என்று கேட்டார். இனோவேயால் போக முடியவில்லை. அந்த முதலாளி பாடும் விதத்துக்குத் தோதாக வாசித்து டேப்பில் பதிந்து கொடுத்து அனுப்பினார். அதிலிருந்துதான் காசு போட்டுப் பாடும் பெட்டியே அவருக்குத் தோன்றியது. காப்புரிமை வாங்கவில்லை, 2004இல் அமைதிக்கான இக் நோபல் கொடுத்துச் சிரித்துக் கௌரவித்தார்கள். ஆக, பாட வராத ஒரு மனிதருக்காகப் பாட்டை வளைத்துக் கொடுத்ததில்தான் கரோக்கே பிறந்தது. மைனஸ் பொத்தானுக்கு வெட்கப்படுவது கோவிலுக்குப் போய்ச் சாமிக்கு வெட்கப்படுகிற கதை.

சரி, பாட்டுகள்.

நான் முதலில் கற்றுக் கொடுப்பது ரெமியோரோமென் குழுவின் 'சாங்காட்சு கொகொனோகா'. 2004இல் வந்தது. மார்ச் 9 என்று பெயர். நண்பர் ஒருவரின் திருமணத்துக்காக எழுதிய பாட்டு. தேதி அந்தத் திருமணத்தின் தேதி. ஆனால் ஜப்பானில் பள்ளி முடிவதும் மார்ச்சில்தான் என்பதால் காலப்போக்கில் அது பட்டமளிப்புப் பாட்டாகவே ஆகிவிட்டது. வகுப்பில் எவனுக்கும் தெரியாமல் இருக்காது. நிதானமான நடை, மூச்சு வாங்க இடம், பெரும்பகுதி நடு ஸ்தாயியிலேயே போகும். மைனஸ் இரண்டு வைத்தால் உடைந்த குரலும் உட்கார்ந்துவிடும். எச்சரிக்கை: இதே குழுவின் 'கொனாயுகி'யைத் தொட வேண்டாம். அடுத்த வருஷமே வந்த பாட்டு, இதைவிடப் பெரிய ஹிட். சரணம் தொடங்கும் முதல் சொல்லிலேயே தொண்டையைக் கிழித்துக் கத்த வேண்டும். ஒரே பாடகர், ஒரே குழு, ஒன்று மடியில் வைத்துத் தாலாட்டும், மற்றது மென்னியைப் பிடிக்கும். 'அந்தக் குழு பாட்டு சுலபம்' என்று பொத்தாம் பொதுவாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாட்டு பாட்டாகத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து ஓகினாவாவின் மங்கோல் 800. 2001இல் 'மெசேஜ்' என்று ஒரு ஆல்பம் போட்டார்கள். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை, அப்படியும் இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. அதில் உள்ள 'சீசானா கோய் நோ உதா' பள்ளி விழாவில் பையன்கள் பேண்ட் கட்டினால் முதலில் வாசிக்கும் பாட்டு. சுத்தமாகப் பாட வேண்டிய பாட்டே இல்லை அது. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் முரட்டுத்தனம், ராகம் சற்றுத் தள்ளிப் போனாலும் பாட்டு தாங்கும். சரணம் வந்ததும் அறையே கூடப் பாடும். என் பையன் முதன்முதலில் வகுப்புத் தோழர்கள் முன்னால் மைக் பிடித்தது இதற்குத்தான். அசல் கீயிலேயே பாடினானாம். "யாருக்கும் என் குரல் கேக்கலம்மா, எல்லாரும் கத்தினாங்க" என்றான். அதுதான்டா வேண்டும் என்றேன்.

2020இல் ஜப்பான் முழுக்க ஓடிய ஏய்தோவின் 'கோசுய்' பழைய காதலியின் வாசனைத் திரவியத்தைப் பற்றியது. ஒரே ஒரு கிடார், பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் மெட்டு. அந்த வருஷத்து டிசம்பர் 31 இரவு டிவியில் வரும் கோஹாக்கு பாட்டு நிகழ்ச்சியிலும் பாடினார். பதினான்கு வயதுப் பையன் பழைய காதலியின் நினைவில் உருகுவதைக் கேட்க எனக்குச் சிரிப்பாக வரும். அவர்களுக்கும் சிரிப்பு வரும், அதனாலேயே பாட்டு எடுபடுகிறது. பாட்டின் நடுவில் ஒரு விலை உயர்ந்த இத்தாலியக் கம்பெனியின் பெயர் வரும். அந்த இடத்தில் எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள்.

ஃபுகுயாமா மசாஹாரு இயல்பாகவே கீழ்க்குரல்காரர். 2000இல் வந்த 'சாகுராஸாகா' நல்ல கனமான குரல் வந்துவிட்ட பையனுக்கு ஏற்றது. ஆனால் பதின்ம வயதுக் கூட்டத்தில் அதைப் போட்டால் அறை தூங்கிவிடும், அது அப்பாக்கள் பாட்டு. குரல் ஒத்துப்போவது பாதிதான். அறையும் ஒத்துப்போக வேண்டும். சைட்டோ கஸுயோஷியின் 'அருயிதே காஏரோ' 1994இல் வந்தது, குழந்தைகள் நிகழ்ச்சியிலும் ஒலித்த துள்ளல் பாட்டு, அதுவும் தாழ்ந்த இடத்தில்தான் போகும். சொற்கள் மட்டும் சரசரவென்று வரும். ஜப்பானிய மொழி நாக்கில் புரள ஆரம்பித்த பிறகு எடுக்கலாம்.

நாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வசதி இருக்கிறது. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை என்று நாம் படித்தோமே, ஜப்பானிய மொழி ஓடுவதே அந்தக் கணக்கில்தான். பழைய பாட்டுகளில் அநேகமாக ஓர் எழுத்துக்கு ஒரு ஸ்வரம். வேறுபாடு ஒற்றில்தான். நமக்கு மெய்யெழுத்து அரை மாத்திரை. அவர்களுக்கு 'ன்'னும் சரி, 'கிட்டே' என்பதில் நடுவில் நிற்கும் அந்தத் தடையும் சரி, முழு ஒரு மாத்திரை. அதனால் பாட்டில் 'ன்' என்ற எழுத்துக்கே தனி ஸ்வரம் வரும், வாயை மூடி மூக்கால் அதைப் பிடிக்க வேண்டும். நம் பிள்ளைகள் அதை விழுங்கிவிட்டு அடுத்த எழுத்துக்கு ஓடிவிடுவதால் தாளத்தில் முந்திப் போய்விடுகிறார்கள். இதைச் சொல்லிக் கொடுத்த அன்றே பாதி சரியாகிவிடும். புதிய பாட்டுகளில் ஒரு ஸ்வரத்துக்குள் மூன்று நான்கு எழுத்தைத் திணிக்கிறார்கள், அதனால்தான் அர்த்தம் தெரிந்தவனுக்கே வாய் குழறுகிறது. ராப் வகையறாவும் அப்படியே. கிரீப்பி நட்ஸ் குழுவின் 'பிளிங் பேங் பேங் போர்ன்' 2024இல் எல்லாப் பையன்களின் வாயிலும் இருந்தது. சரணம் எல்லாருக்கும் வரும். நடுப் பகுதியில் ஒருவனாவது முழுசாகத் தாக்குப்பிடித்து நான் கேட்டதில்லை.

'உஏ ஓ முயிதே அருகோ'வை நான் வற்புறுத்திச் சொல்வேன். ஏய் ரோகுசுகே எழுதி, நாகாமுரா ஹாச்சிதாய் மெட்டமைத்து, 1961இல் சாகாமோட்டோ கியூ பாடியது. 1963இல் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது, 'சுகியாகி' என்று மாட்டுக்கறிக் குழம்பின் பெயரைச் சூட்டிக்கொண்டு. சாகாமோட்டோ 1985 ஆகஸ்ட் விமான விபத்தில் இறந்துபோனார். முதல் பகுதி கிட்டத்தட்ட மோகனம். நடுப்பகுதியில் மற்ற ஸ்வரங்கள் எட்டிப் பார்க்கும். பாட்டுக் கிளாஸ் போன பிள்ளைக்குக் கேட்ட மாத்திரத்தில் பிடிபடும். பள்ளிப் பாடப்புத்தகத்தில் இருப்பதால் ஜப்பானியப் பிள்ளைகளுக்கும் தெரியும். கூடவே ஒரு லாபம், நடுவில் சீட்டி அடிக்கும் இடம் வருகிறது. குரல் ஒத்துழைக்காத பையனுக்குச் சீட்டி ஒத்துழைக்கும். எங்கள் வீட்டில் மட்டும் இதற்கு எதிர்ப்பு உண்டு. "அது தாத்தா பாட்டும்மா." இருக்கட்டும், தாத்தாக்கள் பாட்டுகளில்தான் மனிதக் குரலுக்கு ஏற்ற எல்லை இருக்கிறது.

ஸ்மாப்பின் 2003ஆம் வருஷத்து 'செகாய் நி ஹிதோட்சு டாகே நோ ஹானா'வும் அந்த வகை. எழுதியவர் மாகிஹாரா நோரியுகி. ஐந்து பேர் ஒரே குரலாகப் பாட வேண்டும் என்று அமைத்த மெட்டு. அந்த ஐவரில் எல்லாருமே தேர்ந்த பாடகர்கள் இல்லை என்பது ஊரறிந்த விஷயம். அதனால் எல்லை குறுகல், ஏற்ற இறக்கம் மென்மை. சுலபமான பாட்டு வேண்டுமென்றால் சாதாரணமாகப் பாடுகிறவர்கள் பாடிய பாட்டைத் தேடு என்பது என் குறுக்கு வழி. கடைசியில் சொல்லப்போகும் புளூ ஹார்ட்ஸ் குழு, மங்கோல் 800, ஸ்மாப் எல்லாம் அப்படித்தான் தேறினார்கள்.

ஐமியோனின் 'மேரிகோல்ட்' பற்றிக் கேட்பார்கள், 2018இல் வந்தது, பையன்களும் விரும்பிப் பாடுவது. பெண் பாடிய பாட்டு என்று ஒதுக்க வேண்டாம். அவர் குரல் தாழ்ந்த குரல். கீயை மைனஸ் நான்கு, ஐந்துக்கு இறக்கினால் ஆணின் இடத்துக்கு வந்துவிடும். இல்லையா, பிளஸ் நான்கு வைத்து ஒரு ஸ்தாயி கீழே பாடு. ஐந்து கட்டையில் பாடுகிறவளோடு ஒரு கட்டையில் பாடுகிறவன் சேர்ந்து பாட நேர்ந்தால் நாமும் இந்தச் சமரசத்தைத்தானே செய்வோம். மதிப்பெண் போடும் மெஷினும் ஒரு ஸ்தாயி கீழே பாடுவதைத் தவறாக எடுத்துக்கொள்ளாது.

மதிப்பெண் என்றதும் ஞாபகம் வருகிறது. டாமில் 'செய்மிட்சு சாய்டேன்' என்று ஒன்றைப் போட்டுவிட்டால் ஒவ்வொரு ஸ்வரமும் திரையில் பட்டையாக வரும், நாம் எங்கே பாடுகிறோம் என்று அதன் மேல் கோடு ஓடும். முடிந்ததும் மதிப்பெண், கூடவே நாட்டின் சராசரி. வீட்டுப் பிள்ளை ஸ்வரம் பிடிக்கக் கற்க இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. ஆனால் நண்பர்களோடு போகும்போது முதல் தடவை அதை அணைத்துவிடச் சொல்லுங்கள். ஒரு குறும்பான செய்தி: நான் பாடினால் அதில் 'கொபுஷி' என்ற கணக்கு ஏகத்துக்கு ஏறும். என்கா என்ற பழைய பாணிப் பாட்டுக்காரர்கள் குரலைச் சுழற்றுவார்களே, அதை எண்ணும் கட்டம். எத்தனை அடக்கினாலும் பைரவி வர்ணத்தில் பழகிய தொண்டை நேர்க்கோட்டில் நிற்க மாட்டேன் என்கிறது. பாட்டுக் கற்ற தமிழ்ப் பையன்களுக்கும் இது வரும். அசைக்காமல் ஸ்வரத்தில் நேராக நில் என்று சொல்லிக் கொடுங்கள். ஜே-பாப்புக்குக் கமகம் ஆகாது.

என்னைக் கரோக்கேக்காரி ஆக்கியது பையனின் பள்ளி விதி. இங்கே பல ஜூனியர் ஹைஸ்கூல்களில் பெற்றோர் கூட வராமல் கரோக்கே போகக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். எல்லாரும் அதை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை. நாங்கள் மதித்தோம். பையன்கள் ஓர் அறையில், காவலுக்கு வந்த நான் பக்கத்தில் சின்ன அறையில் தனியாக. சும்மா உட்காருவானேன் என்று மைக்கை எடுத்தேன். தனியாக வந்து பாடுவது இங்கே வெகு சாதாரணம், 'ஹிதோகாரா' என்று அதற்குப் பெயரே இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் எந்தப் பாட்டில் கும்மாளம் எழுகிறது, எதில் அமைதியாகிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் மேலே சொன்ன பட்டியலே உருவானது. விடலைப் பையன்களுக்கு வேறொரு விதியும் உண்டு, அது பள்ளியுடையதல்ல: டோக்கியோவில் இரவு 11 மணியிலிருந்து விடியற்காலை 4 மணி வரை பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் கரோக்கே அறைக்குள் இருக்கக் கூடாது, அம்மா கூட இருந்தாலும்.

காசு விஷயம். வார நாள் பகலில் மாணவர் விலை மலிவு, மாணவர் அட்டையை மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள். விலை அரை மணிக் கணக்கில் போட்டிருக்கும், ஒரு மணி என்று ஏமாந்துவிடக் கூடாது. ஒரு பானமாவது வாங்கியாக வேண்டும் அல்லது வேண்டிய மட்டும் எடுத்துக் குடிக்கும் டிரிங்க் பார் எடுக்க வேண்டும். பையன்கள் மெலன் சோடாவில் எல்லாவற்றையும் கலந்து ஒரு சேற்றுத் தண்ணீர் செய்து குடிப்பார்கள். பாடுகிறவனுக்கு அது ஆகாது, வெதுவெதுப்பான தேநீர் நல்லது என்று சொல்லிப் பாருங்கள். நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நாலு பேர் சேர்ந்து போகிறார்கள் என்றால் கிரீன் என்ற குழுவின் 'கிசெகி' இருக்கிறது. 2008, 'ரூக்கீஸ்' தொலைக்காட்சித் தொடரின் பாட்டு. பாடிய நால்வரும் பல் மருத்துவம் படித்தவர்கள், முகம் காட்டாமலே புகழ் பெற்றவர்கள். மெட்டு கொஞ்சம் மேலே போகும், ஆனால் நாலு குரலுக்கு என்று பிரித்து அமைத்ததால் யாரும் தனியாகச் சுமக்க வேண்டாம். ஒருவன் மூச்சு விடும்போது அடுத்தவன் பிடித்துக்கொள்வான். புதிதாக வந்த பையனுக்கு இது வரப்பிரசாதம். தெரிந்த வரியில் சேர்ந்துகொள்ளலாம், தெரியாத இடத்தில் டாம்பரின் என்ற கிலுக்குத் தட்டை ஆட்டலாம்.

அனிமே பாட்டுகளில் டோரேமோன் பாடினால் குழந்தை என்று கேலி வரும் என்று பயப்படுவான். வராது. 'ஒன் பீஸ்' தொடரின் 1999ஆம் வருஷத்து 'வி ஆர்!', 'டிராகன் பால் இஸட்'டின் 'சா லா ஹெட் சா லா' இரண்டும் உற்சாகத்துக்கு நல்லவை, கத்திவிட்டுப் போகலாம். மேல் இடங்களில் கீயை இறக்கிக்கொள்ள வேண்டும்.

யாரும் யோசிக்காத ஒன்றைச் சொல்கிறேன். பள்ளிகளில் வகுப்புக்கு வகுப்பு சேர்ந்திசைப் போட்டி வைக்கிறார்கள் அல்லவா, அதற்குப் பழகிய பாட்டே கரோக்கேயில் இருக்கும். 'தாபிடாச்சி நோ ஹி நி' இருக்கிறது. 1991இல் சைத்தாமா மாநிலம் சிச்சிபுவில் காகேமோரி ஜூனியர் ஹைஸ்கூல் தலைமையாசிரியர் எழுதி, பாட்டு டீச்சர் மெட்டுப் போட்டு, பட்டம் பெறும் பிள்ளைகளுக்காக ஆசிரியர்களே பாடிக் காட்டியது. ஒரே ஒரு தடவைக்கு என்று செய்தது நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஆண் குரல் பகுதியை வாத்தியார் மாதக்கணக்கில் தேய்த்துத் தேய்த்துச் சொல்லிக் கொடுத்திருப்பார், உச்சரிப்பு உட்பட. உங்கள் பையனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஜப்பானியப் பாட்டு அதுவாகக்கூட இருக்கலாம். வகுப்புத் தோழர்களோடு போகும்போது அதைப் போட்டால் ஆளுக்கொரு பகுதியாக எழுந்து நிற்பார்கள், பெண் பிள்ளைகள் இருந்தால் இன்னும் நன்றாக வரும்.

வீட்டில் பழக நேரம் இல்லையென்றால் டென்மோக்கில் 'கைடு வோக்கல்' இருக்கும் பாட்டாகப் பார்த்து எடுக்கலாம், மெல்லிய குரல் ஒன்று கூடவே பாடி வழிகாட்டும். முதல் சரணத்தோடு போதும் என்று தோன்றினால் நிறுத்தும் பொத்தானை அழுத்திவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்தவன் பதிந்து வைத்த பாட்டை மட்டும் தாண்டிக்கொண்டு தன் பாட்டை நுழைக்கக் கூடாது.

நேரம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது சுவரில் உள்ள போன் அடிக்கும், நீட்டிக்கிறீர்களா என்று கவுண்டரிலிருந்து கேட்பார்கள். அந்த நேரத்துக்கு யாராவது ஒருவன் புளூ ஹார்ட்ஸின் 'லிண்டா லிண்டா'வைப் பதிந்திருப்பான். 1987இல் வந்த பாட்டு, இவர்களுடைய அப்பாக்கள் குதித்த பாட்டு. ஆரம்ப அடி மெதுவாக, தனியாக வரும். அதை வேறு யாராவது பாடட்டும் என்று உங்கள் பையனிடம் சொல்லி வையுங்கள். அதற்குப் பிறகு பாடவே வேண்டாம், கூட்டத்தோடு குதித்தால் போதும். மெலன் சோடா டம்ளர்களை மட்டும் முன்னாலேயே மேஜை ஓரத்திலிருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.